டேட்டாபேஸ் வடிவமைப்பு: பாம்பன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் நண்டும் கணவாயும் எடுக்கிற கம்பெனிகளுக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலிடெக்னிக், கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு டேட்டாபேஸ் சொல்லிக் கொடுக்கிறேன். முதலாளி கேட்பதும் பிள்ளைகள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான், வார்த்தை மட்டும் வேறு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

1. அக்கா, டேட்டாபேஸ்னா என்ன? எக்செல் ஷீட்டும் அதுவும் ஒண்ணுதானே?

எக்செல் ஒரு பெரிய தாள். எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். எடை எழுத வேண்டிய இடத்தில் 'நாளைக்குச் சொல்றேன்' என்று அடித்தாலும் தடுக்காது. டேட்டாபேஸில் முதலிலேயே நாம் சட்டம் போட்டு வைக்கிறோம்: இந்தப் பத்தியில் எண் மட்டும்தான் வரும், அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது, இங்கே எழுதுகிற படகு ஏற்கெனவே படகுப் பட்டியலில் இருந்தாக வேண்டும். ஒத்துவராததை அது உள்ளே விடாது. (பத்தி என்று நான் சொல்வது மேலிருந்து கீழே ஓடுவதை; வரி என்பது இடமிருந்து வலம்.)

2020 அக்டோபரில், இங்கிலாந்தின் கொரோனா கணக்கில் கிட்டத்தட்ட 16,000 பேர் விடுபட்டுப் போனது தெரியவந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய விவரத்தைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வகையில் ஒரு தாள் 65,536 வரிதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தது வெட்டுப்பட்டது, யாருக்கும் உடனே தெரியவில்லை. சின்னக் கணக்குக்கு எக்செல் நல்ல கருவி, நானே தினமும் திறக்கிறேன். அடுத்தவர் பணம் அடங்கிய கணக்கை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

2. இதெல்லாம் 1970-ல எழுதினதாம். அம்பது வருஷத்துக்கு முன்னாடி உள்ளதை இப்ப ஏன் படிக்கணும்?

எட்கர் காட் இங்கிலாந்தில் பிறந்தவர்; கலிஃபோர்னியாவில் சான் ஹோசே ஊரில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1970 ஜூனில் அவர் எழுதிய பதினோரு பக்கக் கட்டுரையில்தான் இது தொடங்குகிறது. அந்தக் காலத்தில், விவரம் வட்டில் எந்த அடுக்கில் கிடக்கிறது, எதைப் பிடித்துப் போனால் எது கிடைக்கும் என்பதெல்லாம் புரோகிராம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுக்கை மாற்றினால் புரோகிராம் உடைந்துவிடும். காட் இரண்டையும் பிரித்தார். விவரத்தை வெறும் அட்டவணைகளாகப் பாருங்கள், எது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எங்கே தேடுவது என்பது எந்திரத்தின் பாடு என்றார். அப்படிக் கேட்பதற்கான மொழியை அதே ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் எழுதினார்கள். இன்று நாம் எழுதும் எஸ்க்யூஎல் அதன் வழிவந்ததுதான். காட்டுக்கு 1981-ல் கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருதைக் கொடுத்தார்கள்.

என் கையில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு ஐஸ் கம்பெனிக்கு நான் முதலில் செய்து கொடுத்தது ஆக்சஸ் என்கிற டேட்டாபேஸ் சாப்ட்வேரில். அப்புறம் மைஎஸ்க்யூஎல்லுக்கு மாற்றினோம். இப்போது போஸ்ட்கிரஸில் ஓடுகிறது, பில்லை மொபைலிலேயே பார்க்கிறார்கள். திரைகளை மூன்று தடவை தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளர், ஐஸ் பார், வண்டி, வரவு என்று முதலில் போட்ட அட்டவணைகள் மட்டும் இரண்டொரு பத்தி கூடியதைத் தவிர அப்படியே இருக்கின்றன. காரணம் இதுதான்: ஒரு வண்டி இத்தனை பார் ஐஸ் இன்ன தேதியில் எடுத்தது என்கிற உண்மை எந்த சாப்ட்வேர் வந்தாலும் மாறாது. வடிவமைப்பு என்பது அந்த உண்மைகளைப் பற்றிய படிப்பு. அதனால்தான் இதை முதலில் சொல்லிக் கொடுக்கிறேன், சாப்ட்வேர் பெயரை அப்புறம் சொல்கிறேன்.

3. "ஒரு விவரம் ஒரே இடத்துல"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, அப்படின்னா என்ன?

ஒரு நண்டுக் கம்பெனியின் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, படகுக்காரர் பெயர், ஊர், போன் நம்பர், ரகம், கிலோ, விலை. ஒருவர் வருஷத்துக்கு இருநூறு நாள் நண்டு போட்டால் அவருடைய போன் நம்பர் இருநூறு இடத்தில் இருக்கும். அவர் நம்பர் மாற்றினால்? எழுதுகிற பிள்ளை அன்றிலிருந்து புது நம்பரை எழுதும், பழையது கீழே அப்படியே கிடக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறவருக்கு எது சரி என்று தெரியாது. இது முதல் கேடு.

இரண்டாவது: புதிதாக ஒருவருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், அவர் இன்னும் நண்டு போடவில்லை. அவர் பெயரையும் நம்பரையும் எங்கே எழுதுவது? நண்டு இல்லாமல் வரி இல்லையே. மூன்றாவது இதற்குத் தலைகீழ். ஒரே ஒரு நாள் நண்டு போட்டவரின் வரியைத் தப்பு என்று அழித்தால், அந்த ஆளே கணக்கிலிருந்து காணாமல் போகிறார்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். ஆளைப் பற்றியது ஆள் அட்டவணையில், எடையைப் பற்றியது எடை அட்டவணையில். எடை வரியில் 'இந்த ஆள்' என்று காட்டுகிற எண் மட்டும் இருந்தால் போதும்.

4. ஏம்மா, பேரை வச்சே தேடிக்கலாமே. ஒவ்வொருத்தருக்கும் எதுக்கு நம்பர்?

இதைக் கேட்காத முதலாளி இல்லை. அண்ணாச்சி, நம் தீவில் நம்புநாயகி அம்மன் பேரில் எத்தனை நம்புராஜன், எத்தனை நம்புவேல் என்று எண்ணிப் பாருங்கள். தங்கச்சிமடம் பக்கம் அந்தோணி, ஏர்வாடி பக்கம் செய்யது இப்ராகிம். தகப்பன் பெயர் சேர்த்தாலும் ஒரே தெருவில் இரண்டு பேர் வருவார்கள்.

ஒரு கம்பெனியில் சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். வாரம் முழுக்க நண்டு போட்டவர் கையில் பாதிப் பணம்தான் வந்தது. 'முன்பணம் கழிச்சிருக்கு' என்றார்கள். அவர் முன்பணமே வாங்கவில்லை. அதே பெயர், அதே ஊர், வேறு ஆள் வாங்கியது. நோட்டைப் புரட்டி, கையெழுத்தைப் பார்த்து, அந்த இன்னொருவரைப் போனில் பிடித்து, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் தீர்ந்தது. பணம் குறைந்துபோனவர் சட்டைப் பையில் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார், அது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு எண் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அந்த எண்ணைத்தான் பிரைமரி கீ என்கிறார்கள். எடை வரியில் அதே எண்ணை எழுதும்போது அது ஃபாரின் கீ. பட்டியலில் இல்லாத எண்ணை எழுதினால் டேட்டாபேஸே மறுத்துவிடும்.

5. படகுக்குத்தான் பதிவு நம்பர் இருக்கே. அதையே சாவியா வைக்கலாமா?

வைக்காதீர்கள். பதிவு எண் வெளியில் ஒருவர் கொடுக்கிறது. நாளைக்கு அவர் முறையை மாற்றலாம், படகைத் திரும்பப் பதிந்தால் எண் மாறலாம், எழுதும்போது ஒரு எழுத்து தவறலாம். மாறக்கூடிய ஒன்றை ஆயிரம் வரிகளில் ஒட்டினால் கேள்வி 3-ல் சொன்ன கேடு திரும்ப வந்துவிடும். சொந்தமாக ஒரு எண் கொடுங்கள். பதிவு எண்ணைத் தனிப் பத்தியாக வைத்து, ஒரே எண் இரண்டு தடவை வரக் கூடாது என்று சட்டம் போடுங்கள். போன் நம்பருக்கும் இதே பேச்சுதான். ஆதாரை மட்டும் உண்மையிலேயே தேவைப்படாவிட்டால் வாங்கவே வாங்காதீர்கள்.

6. ஒரு படகுல அஞ்சு பேர் போறாங்க. ஆள்1, ஆள்2-ன்னு அஞ்சு கட்டம் போட்டா முடிஞ்சுதே?

ஆறாவது ஆள் ஏறுகிற அன்று என்ன செய்வீர்கள்? மூன்று பேர் மட்டும் போன அன்று இரண்டு கட்டம் காலி. 'இந்தத் தம்பி போன மாதம் எத்தனை நாள் கடலுக்குப் போனான்' என்று கேட்டால் ஐந்து கட்டத்திலும் தேட வேண்டும். பங்கு பிரிக்கும்போது இன்னும் மோசம். ஒருவருக்கு முழுப் பங்கு, புதுப் பையனுக்கு அரைப் பங்கு என்று வந்தால் பங்கு1, பங்கு2 என்று இன்னும் ஐந்து கட்டம் கூடும்.

ஒரு ஆள் பல பயணம் போகிறார், ஒரு பயணத்தில் பல ஆள் போகிறார்கள். இப்படி இரண்டு பக்கமும் 'பல' வந்தால் நடுவில் ஒரு அட்டவணை தேவை. பயண எண், ஆள் எண், பங்கு என மூன்றே பத்தி. ஐந்து பேர் போனால் ஐந்து வரி, எட்டுப் பேர் போனால் எட்டு வரி. பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பத்தியின் பெயரில் 1, 2, 3 ஒட்டத் தொடங்கினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

7. நார்மலைசேஷன்ல முதல் படி, ரெண்டாவது படி, மூணாவது படின்னு மனப்பாடம் பண்ணிட்டேன். புரியத்தான் மாட்டேங்குது.

நார்மலைசேஷன் என்பது, கேள்வி 3-ல் சொன்ன மாதிரி, ஒவ்வொரு விவரத்தையும் அதற்குரிய அட்டவணைக்குப் பிரிப்பதுதான். முதல் படியைக் கேள்வி 6-ல் பார்த்துவிட்டீர்கள். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு, எண் ஒட்டிய பத்திகள் கிடையாது. இரண்டாவது படி: எடை அட்டவணையில் ஒரு வரியை அடையாளம் காட்ட, பயண எண்ணும் ரக எண்ணும் இரண்டும் சேர வேண்டும் என்று வையுங்கள். அதில் ரகத்தின் பெயரையும் எழுதினால், அந்தப் பெயர் ரக எண்ணை மட்டும் பொறுத்தது, பயணத்தோடு அதற்கு உறவில்லை. அதைத் தனியே எடுத்துவிடுங்கள். மூன்றாவது படி: பயண அட்டவணையில் படகுக்காரரின் போன் நம்பர் இருந்தால், அது பயணத்தைச் சேர்ந்ததில்லை. பயணத்திலிருந்து படகு, படகிலிருந்து ஆள், ஆளிலிருந்து நம்பர் என்று சுற்றி வந்தது. அதையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டாவது, மூன்றாவது படிகளைக் காட் தன் 1970 கட்டுரைக்கு ஓரிரு வருஷத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்.

படிகளை ஒப்பிப்பதைவிட ஒரு கேள்வி கேட்கப் பழகுங்கள்: இந்த விவரம் யாருடையது? நம் கரையில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. படகு அட்டவணையில் 'கரை: தெற்குவாடி' என்று, பாம்பனின் தென்கடல் பக்கக் கரையை, ஒரு பையன் எழுதினான். சரி என்றுதான் தோன்றும். ஆனால் காற்று மாறினால் அதே படகைத் தென்கடலிலிருந்து வடகடல் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள், அங்கேதான் நண்டு இறங்கும். அப்படியானால் கரை படகுடையதா, பயணத்துடையதா? படகுக்குச் சொந்த ஊர் உண்டு, அது ஒரு விவரம். அன்றைக்கு இறங்கிய கரை வேறு விவரம். முன்னது படகு அட்டவணைக்குப் போகிறது, பின்னது பயண அட்டவணைக்கு. இதை எந்தப் பாடப்புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது, கரையில் நின்றவர்தான் சொல்லுவார். வடிவமைக்கும் முன்னால் போய் அரை நாள் எடை போடுகிற இடத்தில் உட்காருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்குத்தான்.

8. மீன் ஒண்ணும் வரலைன்னா 0 போடவா, காலியா விடவா?

நல்ல கேள்வி, பலர் கேட்காமலே தப்புச் செய்துவிடுகிறார்கள். ஒரு பயணத்துக்கு ஒரு வரி, அதில் ஒரு எடைப் பத்தி என்று சின்னக் கணக்காக வைத்துக்கொள்வோம். கடலுக்குப் போய் வெறும் வலையோடு வந்தால் 0. போனார்கள், நண்டு வந்தது, ஆனால் எடை எழுத மறந்துவிட்டார்கள் என்றால் காலி. டேட்டாபேஸ் மொழியில் நல். போகவே இல்லை என்றால் வரியே இருக்கக் கூடாது. மூன்றும் மூன்று வேறு உண்மைகள்.

கணக்கில் இது எங்கே கடிக்கும் என்று பாருங்கள். மூன்று பயணம்: 12 கிலோ, 0, எடை தெரியவில்லை. தெரியாததைக் காலியாக விட்டால் எஸ்க்யூஎல் அதை ஒதுக்கிவிட்டு, தெரிந்த இரண்டுக்குச் சராசரி 6 என்று சொல்லும். அங்கேயும் 0 போட்டால் சராசரி 4. புயல் நிவாரணத்துக்கோ வங்கிக் கடனுக்கோ அந்தச் சராசரியைக் காட்டுகிற நாளில் ஒரு குடும்பத்துக்கு இழப்பு. இன்னொன்று: காலியும் காலியும் சமமா என்று கேட்டால் எஸ்க்யூஎல் 'ஆம்' என்று சொல்லாது, 'தெரியாது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால் காலியானவற்றைத் தேட சமக்குறி போட்டால் ஒன்றும் வராது. 'இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும்.

9. ஒரு விவரம் ஒரே இடத்துலன்னு சொல்லிட்டு, நீங்களே விலையை ரெண்டு இடத்துல வைக்கச் சொல்றீங்க. முன்னுக்குப் பின் முரணா இல்லையா?

கேள்வி 3-ஐ ஒழுங்காகப் படித்தவர்தான் இதைக் கேட்க முடியும், சந்தோஷம். ரக அட்டவணையில் இருப்பது இன்றைய விலை. எடை வரியில் எழுதச் சொல்வது அன்று அவருக்குப் பேசிக் கொடுத்த விலை. இன்றைய விலை நாளைக்கு மாறும், மாற வேண்டும். பேசிக் கொடுத்த விலை மாறவே கூடாது. பார்க்க ஒரே எண்ணாக இருந்தாலும் இவை இரண்டு விவரங்கள்.

எடை வரியில் விலை எழுதாமல் ரக அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்த ஒரு புரோகிராமைப் பார்த்திருக்கிறேன். விலை ஏறிய அன்று ரக அட்டவணையைத் திருத்தினார்கள். அந்த நிமிஷமே போன ஆறு மாதத்துப் பில்கள் எல்லாம் புது விலைக்கு மாறிவிட்டன. கொடுத்த பணத்துக்கும் பில்லுக்கும் ஒட்டவே இல்லை.

10. படகு கைமாறிடுச்சு. பழைய கணக்கெல்லாம் புது ஆள் பேர்ல காட்டுது!

கேள்வி 9-ன் மறுபக்கம் இது. படகு வரியில் உரிமையாளர் என்று ஒரு பத்தி வைத்திருப்பீர்கள், விற்றவுடன் அதை மாற்றியிருப்பீர்கள். உரிமைக்குத் தனி அட்டவணை போடுங்கள்: படகு எண், ஆள் எண், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை. இன்னும் கையில் இருந்தால் 'வரை' காலியாக இருக்கும். ஒரு பயணம் யாருடைய கணக்கு என்பது அந்தத் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். தேதியை வருஷம்-மாதம்-நாள் என்ற வரிசையில் வையுங்கள். 03/04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று அடுத்த வருஷம் சண்டை வரும்.

11. முன்பண நிலுவையை ஒரு பத்தியா வச்சு, கழிக்கக் கழிக்கத் திருத்திக்கிட்டே வரலாமா?

கூட்டிக் கழித்து வரக்கூடியதை எழுதி வைக்காதீர்கள். கொடுத்தது ஒரு வரி, கழித்தது ஒரு வரி, தேதியோடு. நிலுவை எவ்வளவு என்று கேட்டால் டேட்டாபேஸ் கூட்டிச் சொல்லட்டும். நிலுவையைத் திருத்திக்கொண்டே வந்தால், 'நான் ஐயாயிரம்தானே தர வேண்டும், எட்டு எப்படி வந்தது?' என்று ஒருவர் கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வரிகள் இருந்தால் தேதி வாரியாக வாசித்துக் காட்டலாம். கடன் இருக்கிற இடத்தில் இந்த வெளிச்சம் இரண்டு பக்கத்துக்கும் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

12. நண்டுக்கு வரவு எழுதியாச்சு, முன்பணம் கழிக்கிறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. பாதிக் கணக்கு நிக்குமா?

ட்ரான்சாக்ஷனுக்குள் எழுதியிருந்தால் நிற்காது. வரவு எழுதுவது, முன்பணம் கழிப்பது, கையில் கொடுத்ததைப் பதிவது ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி 'தொடங்கு', 'முடி' என்று சொல்ல வேண்டும். நடுவில் கரண்ட் போனால், திரும்ப வரும்போது அந்தக் கட்டே நடக்காத மாதிரி பழைய நிலைக்குப் போய்விடும். எல்லாம் நடக்கும், இல்லை எதுவும் நடக்காது.

இதன் அடிப்படையை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. 1998-ல் டூரிங் விருது வாங்கியவர். 2007 ஜனவரியில், தன் தாயின் சாம்பலைக் கடலில் கரைக்கத் தனியாகப் பாய்மரப் படகில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிப் போனார், திரும்பவில்லை. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கூடத் தேடினார்கள், படகும் கிடைக்கவில்லை. கடலுக்குப் போனவரை எதிர்பார்த்து நிற்பது என்னவென்று தெரிந்த ஊர் நம்முடையது. ட்ரான்சாக்ஷன் பாடம் எடுக்கும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லாமல் நான் தொடங்குவதில்லை.

13. தடைக்காலத்துல விசைப்படகுப் பதிவு வந்தா நிறுத்தணும்னு தேதியை புரோகிராமுக்குள்ளயே எழுதிட்டேன். சரிதானே?

நிறுத்துவது சரி, தேதி இருக்கிற இடம் தப்பு. கிழக்குக் கரையில் இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. முன்பு அது 45 நாள்தான், தமிழ்நாட்டில் 2017-ல் மாறியது. அன்றைக்கு 45-ஐப் புரோகிராமுக்குள் எழுதியவர்கள் புரோகிராமைத் தோண்ட வேண்டி வந்தது. தடைக்காலம் என்று ஒரு சின்ன அட்டவணை: தொடக்கம், முடிவு, எந்த வகைப் படகு. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அரசு மாற்றினால் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

14. ஆரம்பிக்க எந்த சாப்ட்வேர்?

எஸ்க்யூலைட். 2000-ல் வந்தது, இலவசம், உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, மொத்தக் கணக்கும் ஒரே கோப்பு. சிக்னல் இல்லாத கரையிலும் வேலை செய்யும். இரண்டு எச்சரிக்கை மட்டும். அதில் ஃபாரின் கீ சரிபார்ப்பு வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் அதை இயக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். எண் பத்தியில் எழுத்தையும் அது வாங்கிக்கொள்ளும்; அதைத் தடுக்க அட்டவணையை 'ஸ்ட்ரிக்ட்' என்று அறிவிக்க வேண்டும். பல பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற இடத்துக்குப் போஸ்ட்கிரஸ்.

15. அட்டவணையைப் பிரிச்சுப் பிரிச்சு வச்சதாலதான் மெதுவா ஓடுதுன்னு சொல்றாங்களே?

என்னிடம் வந்த பத்து புகாரில் எட்டு, இன்டெக்ஸ் போடாததால் வந்தவை. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவோம் இல்லையா, அதேதான். தேடுகிற பத்திகளுக்கும் ஃபாரின் கீ பத்திகளுக்கும் இன்டெக்ஸ் போட்டுவிட்டு வந்து பேசுங்கள். எல்லாப் பத்திக்கும் போடாதீர்கள், எழுதுவது மெதுவாகும்.

16. மாங்கோடிபி வந்த பிறகு இந்த நார்மலைசேஷன் எல்லாம் செத்துப்போச்சுன்னு எங்க காலேஜ் அண்ணன் சொல்றாரு.

மாங்கோடிபி என்பது விவரத்தை அட்டவணையாக இல்லாமல் ஆவணம் ஆவணமாக வைக்கிற டேட்டாபேஸ், 2009-ல் வந்தது. அதற்கு முன்பே, தாங்கள் சொந்தமாகச் செய்த டேட்டாபேஸ்களான பிக்டேபிள் பற்றி கூகுள் 2006-லும் டைனமோ பற்றி அமேசான் 2007-லும் கட்டுரை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் விவரத்தைப் பரப்பி வைக்க வேண்டியவர்களுக்கு வந்த சிக்கல் அது. அவர்கள் தெரிந்தே சிலவற்றை விட்டுக்கொடுத்தார்கள். நம் கம்பெனியின் பத்து வருஷக் கணக்கு ஒரு பழைய மடிக்கணினியிலேயே அடங்கும். அந்த விலையை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

கவனித்தால் இன்னொன்று தெரியும். பல ஆவணங்களை ஒன்றாகக் கட்டும் ட்ரான்சாக்ஷனை மாங்கோடிபியே 2018-ல் கொண்டுவந்தது. இந்தப் பக்கம் போஸ்ட்கிரஸ் 2014-ல் ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் ஒரு வடிவம்) ஆவணங்களைத் திறம்படச் சேமிக்கும் வசதியைச் சேர்த்தது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்திருக்கின்றன. ஆவணமாக வைத்தாலும், படகுக்காரர் போன் நம்பரை ஒவ்வொரு பில் ஆவணத்துக்குள்ளும் நகலெடுத்தால் கேள்வி 3 உங்களை விடாது. வேகத்துக்காக நகல் வைக்கத்தான் வேண்டும் என்றால் வையுங்கள். எது மூலம், எது நகல், நகலை யார் புதுப்பிப்பது என்பதை எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

17. இப்ப ஏஐ-கிட்ட கேட்டா டேபிள் எல்லாம் அதுவே போட்டுத் தருதே. அப்புறம் நான் எதுக்குக் கத்துக்கணும்?

நானும் அதைப் பயன்படுத்துகிறேன், எழுதுகிற நேரம் மிச்சமாகிறது. ஆனால் அது நீங்கள் சொன்னதிலிருந்துதான் போடும். காற்று மாறினால் கரை மாறும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் கரையைப் படகு அட்டவணையில்தான் வைக்கும், கேள்வி 7-ல் அந்தப் பையன் செய்த மாதிரியே. பெயர் ஒன்றாக இருப்பவர்கள், அரைப் பங்கு வாங்குகிற பையன், 0-க்கும் காலிக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அது போட்டுக் கொடுத்த அட்டவணையைப் பார்த்து 'இந்தப் பத்தி இங்கே இருக்கக் கூடாது' என்று சொல்லத் தெரிந்தவருக்கு அது நல்ல துணை.

18. அப்பா காலத்து நோட்டு முப்பது இருக்கு. அதை ஏத்தணுமா? ஏத்துறதுன்னா எங்க ஆரம்பிக்கிறது?

ஏற்றுங்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது; பல வருஷம் அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போனது, மண்டபத்தில் நிலையம் இன்றும் இருக்கிறது. கரை கரையாகப் போய், எந்த நாள் எத்தனை படகு வந்தது, எந்த வலை, எந்த மீன் எவ்வளவு என்று மாதிரி எடுத்துக் கணக்கெழுதும் வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் கரை, நாள், வலை, மீன், எடை என்று தனித்தனியாக எழுதியதால்தான் இன்றைக்கும் அதை எடுத்து ஒப்பிட முடிகிறது. உங்கள் அப்பா நோட்டும் அந்த மாதிரி ஒரு கரையின் சாட்சி.

கடைசி நோட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள், புதியவற்றுக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருப்பார்கள். நோட்டில் உள்ளதை உள்ளபடி ஏற்றுங்கள், மனதுக்குப் பட்டதைத் திருத்தாதீர்கள். உப்பும் ஈரமும் பட்டு 3-ஆ 8-ஆ என்று தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, குறிப்புப் பத்தியில் இரண்டையும் எழுதுங்கள். மீன் பெயரை அப்பா எழுதிய மாதிரியே ஒரு பத்தியில் வையுங்கள். ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், ரக எண்ணை அப்புறம் பொறுமையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வரியிலும் நோட்டு எண், பக்க எண் என்று இரண்டு பத்தி கட்டாயம் இருக்கட்டும். ஏற்றி முடித்த நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டையில் அதே எண்ணைப் பெரிதாக எழுதி, காற்றுப் படாத அலமாரியில் வையுங்கள். ஒரு வரியில் சந்தேகம் வந்தால் அந்த எண்ணைப் பார்த்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, அப்பா கையெழுத்தையே பார்த்துக்கொள்ளலாம்.